மருத்துவ ஆவணங்களும் தொழிலாளர் மொழி உரிமையும் (காவிரிப் படுகை)

மருத்துவ ஆவண மொழி உரிமை என்பது ஒருவருடைய நோய், காயம், சிகிச்சை, வேலைத் தகுதி ஆகியவை குறித்து மருத்துவர் எழுதித் தரும் தாள்களைத் தாம் படித்தறியக்கூடிய மொழியில் பெறும் உரிமையைக் குறிக்கும். இந்தியாவில் இப்பெயரில் தனிச் சட்டம் எதுவும் இல்லை. ஆட்சிமொழிச் சட்டங்கள், தொழிலாளர் சட்டங்கள், மருத்துவர் நடத்தை விதிகள் ஆகிய மூன்றின் இடைவெளியில் இச்சிக்கல் அமைந்துள்ளது. பேச்சும் வழக்கும் தமிழிலும், மருத்துவ எழுத்து ஆங்கிலத்திலும் நடைபெறும் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களையும் காரைக்காலையும் உள்ளடக்கிய காவிரிப் படுகை இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும். இங்கு ஒரு தொழிலாளியின் கூலியோ இழப்பீடோ அவரால் படிக்க இயலாத ஒரு தாளைப் பொறுத்து அமைவது இயல்பு.

ஆவணங்களின் வகைகள்

காவிரிப் படுகையின் உழைப்பாளர்களில் மிகப் பெரும்பாலோர் நாட்கூலி பெறும் வேளாண் தொழிலாளர்கள் ஆவர். குறுவை, சம்பா, தாளடிப் பருவங்களில் நடவு, களையெடுப்பு, அறுவடை ஆகியவற்றில் வேலை கிடைக்கும் நாட்களே இவர்களுக்கு வருமான நாட்கள். நோய்க்கால ஊதியம் இவர்களுக்கு இல்லாமையால், அலுவலகப் பணியாளர் பயன்படுத்தும் விடுப்புக்கான மருத்துவச் சான்றிதழ் இவர்களிடம் பெரும்பாலும் காணப்படுவதில்லை. காய்ச்சல் என்றால் கூலி இல்லை, அவ்வளவே. மருத்துவத் தாள் இவர்களுக்குத் தேவைப்படுவது பாம்புக்கடி, பூச்சிக்கொல்லி நச்சு, கதிரடிக்கும் எந்திரத்திலோ அறுவடை எந்திரத்திலோ ஏற்படும் காயம், மின்னல், மின்சாரம் தாக்குதல் போன்ற பெரிய இடர்களின்போதுதான். எனவே அந்தத் தாள் கையில் வரும்போது அதன்மீது குடும்பத்தின் எதிர்காலமே சார்ந்திருக்கும்.

இவ்வாறான நேர்வுகளில் உருவாகும் தாள்கள் பல. அரசு மருத்துவமனையில் காயத்துடன் வருபவர் முதலில் விபத்துப் பதிவேட்டில் பதியப்படுகிறார். அதன் நகல் காவல் நிலையத்துக்குச் செல்கிறது. பின்னர் காயச் சான்றிதழும், வீடு திரும்பும்போது சிகிச்சைச் சுருக்கமும், நிலையான ஊனம் ஏற்பட்டிருந்தால் ஊன விழுக்காட்டுச் சான்றிதழும், இறப்பு நேர்ந்தால் பிணக்கூறாய்வு அறிக்கையும் எழுதப்படுகின்றன. அரிசி ஆலை, நெசவாலை, கடை, மருத்துவமனை போன்ற இடங்களில் வேலை செய்வோருக்கு நோய்க்காலச் சான்றிதழும் வேலைக்குத் திரும்பத் தகுதிச் சான்றிதழும் தேவைப்படுகின்றன.

இவற்றின் மொழி பெரும்பாலும் ஆங்கிலமே. ஒரு முக்கிய விலக்கு அறுவை சிகிச்சைக்கான ஒப்புதல் படிவம். இது அரசு மருத்துவமனைகளில் பரவலாகத் தமிழில் அச்சிடப்பட்டுள்ளது. ஒப்புதலானது நோயாளி புரிந்துகொண்டு அளித்ததாக இருத்தல் வேண்டும் என்னும் சட்ட நெறியை 2008ஆம் ஆண்டில் சமீரா கோலி வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் விரிவாக வலியுறுத்தியது. புரியாத மொழியில் பெற்ற ஒப்புதல் மருத்துவமனைக்கே தீங்காக முடியும். ஆகவே மருத்துவமனைக்குப் பாதுகாப்பளிக்கும் தாள் தமிழில் இருக்கிறது. தொழிலாளிக்குப் பாதுகாப்பளிக்க வேண்டிய தாள் ஆங்கிலத்தில் இருக்கிறது. திட்டமிட்டு யாரும் இவ்வாறு செய்யவில்லை என்றாலும் விளைவு இதுவேயாகும்.

வரலாற்றுப் பின்னணி

தஞ்சாவூரில் மருத்துவ எழுத்து ஒரே மொழியில் இருந்த காலம் அரிது. இரண்டாம் சரபோசி மன்னர் (ஆட்சிக்காலம் 1798–1832) நிறுவிய தன்வந்திரி மகாலில் சித்தம், ஆயுர்வேதம், யுனானி, ஐரோப்பிய மருத்துவம் ஆகிய முறைகளைச் சார்ந்தோர் பணியாற்றினர். அரண்மனைக் கணக்குகளும் ஆணைகளும் மோடி எழுத்தில் மராத்தியில் எழுதப்பட்டன. தேர்ந்த மருந்து முறைகள் தமிழ்ச் செய்யுளாகத் தொகுக்கப்பட்டன. இவை பின்னாளில் சரசுவதி மகால் நூலகத்தால் சரபேந்திர வைத்திய முறைகள் என்னும் பெயரில் நோய்வாரியாகப் பதிப்பிக்கப்பட்டன. கண் நோயாளர்களைப் பற்றிய குறிப்புகளும், அவர்களுடைய கண்களை வரைந்த வண்ணப் படங்களும் அந்நூலகத்தில் பாதுகாக்கப்பட்டுள்ளன. மன்னரின் ஆவல் வியப்புக்குரியது. எனினும் அக்குறிப்புகள் நோயாளி படிப்பதற்காக எழுதப்பட்டவை அல்ல. மருத்துவக் குறிப்பு என்பது மருத்துவர் மருத்துவருக்கு எழுதுவது என்னும் வழக்கம் ஆங்கிலேயர் ஆட்சிக்கு முன்னரே இவ்வாறு தொடங்கிவிட்டது எனலாம்.

ஐரோப்பிய மருத்துவத்தைத் தமிழில் எழுத இயலாது என்னும் கருத்தைப் பாக்கு நீரிணைக்கு அப்பால் ஒருவர் செயலால் மறுத்தார். அமெரிக்க மிசன் மருத்துவரான சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மருத்துவ மாணவர்களைப் பயிற்றுவித்தார். 1860களில் பயிற்றுமொழியை முழுமையாகத் தமிழாக்கினார். இரண வைத்தியம் (1867), மனுஷ அங்காதிபாதம் (1872) முதலான பாடநூல்கள் அவருடைய முயற்சியில் வெளிவந்தன. முப்பதுக்கும் மேற்பட்ட மருத்துவர்கள் அவரிடம் தமிழிலேயே கற்றுத் தேர்ந்தனர். கற்ற மொழியே மருத்துவர் எழுதும் மொழி ஆகிறது என்பதால் இம்முயற்சி இக்கட்டுரைப் பொருளுக்கு நேரடித் தொடர்புடையது. அவர் 1873இல் நாடு திரும்பிய பின் அம்மரபு நீடிக்கவில்லை.

தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி 1959இல் தொடங்கப்பட்டபோது பயிற்றுமொழி ஆங்கிலமாகவே இருந்தது, அந்நிலை தொடர்கிறது. அதே நகரில் 1981இல் நிறுவப்பட்ட தமிழ்ப் பல்கலைக்கழகம் அறிவியல் களஞ்சியத்தைப் பல தொகுதிகளாக வெளியிட்டது. மணவை முஸ்தபா போன்றோர் மருத்துவக் கலைச்சொல் அகராதிகளைத் தொகுத்தனர். கலைச்சொல் இல்லாமை இன்று பெரிய தடையன்று. அச்சொற்களை நோயாளியின் தாளில் எழுத வேண்டிய கடமை எவருக்கும் விதிக்கப்படவில்லை என்பதே தடை.

சட்ட நிலை

இந்திய அரசியலமைப்பின் 345ஆம் உறுப்பு தன் ஆட்சிமொழியைத் தீர்மானிக்கும் அதிகாரத்தை மாநிலச் சட்டமன்றத்துக்கு வழங்குகிறது. 350ஆம் உறுப்பின்படி, குறை தீர்க்கக் கோரும் விண்ணப்பத்தை ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எம்மொழியிலும் ஒருவர் அளிக்கலாம். அதாவது தொழிலாளி தமிழில் எழுத உரிமை உண்டு. அவருக்கு எழுதப்படுவது தமிழில் இருக்க வேண்டும் என்று அவ்வுறுப்பு கூறவில்லை.

1956ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஆட்சிமொழிச் சட்டம் தமிழை மாநிலத்தின் ஆட்சிமொழியாக்கியது. எனினும் ஆங்கிலம் தொடர்வதற்கும் அது இடம் தந்தது. 1968 சனவரியில் சட்டமன்றம் ஏற்ற இருமொழிக் கொள்கைத் தீர்மானமும் தமிழ், ஆங்கிலம் என்னும் இரண்டையும் நிலைநிறுத்தியது. அரசு அலுவலகக் கோப்புகள் படிப்படியாகத் தமிழுக்கு மாறின. அரசு மருத்துவமனையும் அரசு அலுவலகமே என்றபோதிலும், நோயாளர் பதிவுகள் அந்த மாற்றத்துக்குள் வரவில்லை.

மருத்துவர்களைக் கட்டுப்படுத்துவது இந்திய மருத்துவக் கழகத்தின் 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகளாகும். (2023 ஆகத்தில் தேசிய மருத்துவ ஆணையம் வெளியிட்ட புதிய விதிகள் அதே மாதத்தில் நிறுத்திவைக்கப்பட்டதால் பழைய விதிகளே தொடர்ந்தன.) உள்நோயாளர் பதிவுகளை 3 ஆண்டுகள் பேணுதல், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் பதிவுகளை அளித்தல், வழங்கிய சான்றிதழ்களுக்குப் பதிவேடு வைத்தல் ஆகியவற்றை இவை கட்டாயமாக்குகின்றன. மொழி பற்றி இவற்றில் ஒரு சொல்லும் இல்லை. 2016இல் செய்யப்பட்ட திருத்தம் மருந்துகளின் பொதுப்பெயரைத் தெளிவாகவும் கூடுமானவரை பெரிய எழுத்துகளிலும் எழுதுமாறு கூறுகிறது. தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்னும் பாகுபாடே கிடையாது என்பதை எண்ணிப் பார்த்தால், விதியை எழுதியோர் எம்மொழியை மனத்திற் கொண்டிருந்தனர் என்பது விளங்கும்.

தேசிய மனித உரிமை ஆணையம் 2018இல் முன்வைத்த நோயாளர் உரிமைச் சாசனம் நோய், சிகிச்சை பற்றிய விளக்கம் நோயாளிக்குத் தெரிந்த மொழியில் தரப்பட வேண்டும் என்கிறது. இது வாய்மொழி விளக்கத்தைப் பற்றியதே.

தொழிலாளர் சட்டங்கள் மட்டும் மொழியைப் பலவிடங்களில் வெளிப்படையாகக் குறிப்பிட்டுள்ளன. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் 108ஆம் பிரிவு, ஆலையில் வைக்கப்படும் அறிவிப்புகள் ஆங்கிலத்திலும் பெரும்பான்மைத் தொழிலாளர் அறிந்த மொழியிலும் இருக்க வேண்டும் என்றது. 1946ஆம் ஆண்டின் நிலையாணைகள் சட்டத்திலும் இதையொத்த விதி இருந்தது. சுவரில் ஒட்டப்படும் தாளுக்குத் தரப்பட்ட இவ்வுரிமை கையில் தரப்படும் தாளுக்கு நீட்டிக்கப்படவில்லை. இவ்விரு சட்டங்களும் பிறவும் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளால் பதிலீடு செய்யப்பட்டன.

தொழிலாளர் அரசுக் காப்பீடு

1948ஆம் ஆண்டின் சட்டத்தின்கீழ் தொடங்கப்பட்டு, தற்போது 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில் அடங்கியுள்ள தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில் (ஈ.எஸ்.ஐ.) நோய்க்கால உதவித்தொகை சராசரி நாளூதியத்தில் 70 விழுக்காடாக, ஆண்டுக்கு 91 நாட்கள் வரை வழங்கப்படுகிறது. இதனைப் பெறக் காப்பீட்டு மருத்துவர் அளிக்கும் சான்றிதழ் இன்றியமையாதது.

இத்திட்டத்தில் மருந்தகத்தை மாநில அரசு நடத்துகிறது. பணத்தை ஒன்றிய அரசின் கழகம் வழங்குகிறது. ஆகவே மருத்துவர் தமிழை ஆட்சிமொழியாகக் கொண்ட அரசின் ஊழியர்; அவர் எழுதும் தாளைப் படித்துப் பணம் தரும் அலுவலர் ஆங்கிலத்தையும் இந்தியையும் ஆட்சிமொழிகளாகக் கொண்ட அரசின் கழகத்தைச் சேர்ந்தவர். இரண்டுக்கும் பொதுவான மொழியாக ஆங்கிலம் நிலைபெற்றது இயல்பே. ஒன்றிய அலுவலகங்களில் இந்திப் பயன்பாட்டை ஒழுங்குபடுத்தும் 1976ஆம் ஆண்டின் ஆட்சிமொழி விதிகள், தமிழ்நாடு தவிர்த்த இந்தியா முழுமைக்கும் பொருந்தும் என்று முதல் விதியிலேயே குறிப்பிடுகின்றன. இவ்விலக்கு 1965ஆம் ஆண்டு மொழிப் போராட்டத்தின் பின்னணியில் விளங்கிக்கொள்ளத்தக்கது. இதனால் இந்தி இங்கு கட்டாயமாகவில்லை. ஆனால் அவ்விடத்தில் தமிழும் அமர்த்தப்படவில்லை, ஆங்கிலமே எஞ்சியது.

இத்திட்டம் பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் நிறுவனங்களைச் சார்ந்தது. ஆதலால் படுகையின் வயல் தொழிலாளர்கள் இதற்கு வெளியேதான் உள்ளனர்.

ஒரு சொல்லும் இழப்பீடும்

வேலையின்போது காயமடைந்தோருக்கான 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம் வேளாண்மையை முழுமையாக உள்ளடக்கவில்லை. எனினும் இழுவை எந்திரம் முதலான விசைக்கருவிகளைக் கொண்டு நடைபெறும் பண்ணை வேலையில் ஈடுபட்டோர் அதன் இரண்டாம் பட்டியலில் இடம்பெற்றிருந்தனர். நெல் அறுவடை பெருமளவு எந்திரமயமாகிவிட்ட காவிரிப் படுகையில் இது குறிப்பிடத்தக்கது.

அச்சட்டத்தின் முதற்பட்டியல் ஒவ்வோர் உறுப்பிழப்புக்கும் வருவாய்த்திறன் இழப்பின் விழுக்காட்டை வரையறுத்தது. கட்டைவிரலை இழந்தால் 30. மறு கண் நல்ல நிலையிலிருக்க ஒரு கண்ணை இழந்தால் 40. சுட்டுவிரல் முழுவதும் போனால் 14, இரண்டு விரலெலும்புகள் போனால் 11, ஒன்று போனால் 9, எலும்பு இழப்பின்றி நுனி மட்டும் துண்டானால் 5. இழப்பீட்டுத் தொகை இவ்விழுக்காட்டைக் கொண்டு கணக்கிடப்பட்டது.

எனவே மருத்துவர் தம் குறிப்பில் விரலெலும்பின் பெயரை எழுதினாரா, எத்தனை என்று எழுதினாரா, அல்லது விரல் காயம் என்று மட்டும் முடித்துவிட்டாரா என்பது தொகையைப் பாதிக்கும். ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைத் தன் விரலைப் பார்த்தே தொழிலாளி அறிவார். அதற்கு மருத்துவக் கல்வி தேவையில்லை. ஆயினும் தாளில் எழுதியிருப்பது தன் விரலோடு பொருந்துகிறதா என்று சரிபார்க்க அவருக்கு வழியில்லை. பட்டியலில் அடங்காத காயங்களுக்கு இழப்பின் அளவைத் தகுதிபெற்ற மருத்துவர் மதிப்பிட வேண்டும் என்பதால் அங்கு இச்சிக்கல் இன்னும் பெரிது. பிழை இருப்பின் அது எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் குறுக்கு விசாரணையில்தான் முதன்முறையாகத் தொழிலாளியின் காதில் விழும்.

மாநில அரசின் 2006ஆம் ஆண்டு வேளாண் தொழிலாளர்–விவசாயிகள் நலச் சட்டம், 2011இல் தொடங்கப்பட்ட முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டம் ஆகியவற்றின்கீழ் விபத்து உதவித்தொகை பெற வருவாய்த்துறைக்கு விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பமும் விசாரணையும் தமிழில் நடைபெறும். இணைப்பாக வைக்கப்படும் மருத்துவத் தாளே கோப்பில் உள்ள ஆங்கிலப் பக்கமாகும்.

விபத்துப் பதிவேடும் நீதிமன்றமும்

விபத்துப் பதிவேட்டில் காயத்தின் தன்மையோடு அது எவ்வாறு ஏற்பட்டதெனக் கூறப்பட்டது என்பதும் எழுதப்படுகிறது. மேற்கூறிய இழப்பீட்டுச் சட்டத்தின் அடிப்படை, காயம் வேலையின் காரணமாகவும் வேலையின் போக்கிலும் நேர்ந்திருக்க வேண்டும் என்பதாகும். இதற்கு மிகப் பழைய சான்று அந்தப் பதிவேட்டின் ஓரிரு வரிகளே. காயமுற்றவர் மயக்கத்தில் இருந்தால் உடன் வந்தவர் சொல்வதே எழுதப்படும். உடன் வந்தவர் நிலவுடைமையாளரின் ஆளாகவோ எந்திர உரிமையாளராகவோ இருக்கக்கூடும். களத்தில் விழுந்தார் என்பதற்கும் வீட்டில் விழுந்தார் என்பதற்கும் ஒரு சொல்லே வேறுபாடு. தமிழில் சொன்னது ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, படித்துக் காட்டப்படாமலேயே காவல் நிலையம் செல்லுமானால், அதனைத் திருத்தும் வாய்ப்பு மிகக் குறைவு.

1976இல் ஆட்சிமொழிச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட பிரிவுகளின் வழியே தமிழ்நாட்டின் கீழமை நீதிமன்றங்களில் சாட்சியமும் தீர்ப்பும் தமிழில் அமைய வழி ஏற்பட்டது. சாட்சி தமிழில் சொல்கிறார், நீதிபதி தமிழில் பதிகிறார், காயச் சான்றிதழ் மட்டும் ஆங்கிலத்தில் குறியிடப்படுகிறது. சாட்சிக் கூண்டில் மருத்துவர் தம் ஆங்கிலக் குறிப்பைத் தமிழில் விளக்குகிறார். அதாவது நீதிபதிக்காக மொழிபெயர்ப்பு செய்யப்படுகிறது; இயலாத செயலன்று என்பது இதனால் தெளிவு.

மரண வாக்குமூலத்தில் நிலை வேறு. முன்னாள் சாட்சியச் சட்டத்தின் 32ஆம் பிரிவின்கீழும், 2024 சூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் 26ஆம் பிரிவின்கீழும் ஏற்கப்படும் இவ்வாக்குமூலம், கூடுமானவரை சொன்னவரின் சொற்களிலேயே பதியப்பட வேண்டும் என நீதிமன்றங்கள் எதிர்பார்க்கின்றன. இறப்பவரின் சொற்களுக்குத் தரப்படும் இம்மதிப்பு, பிழைத்துக்கொண்டவரின் சொற்களுக்கு விபத்துப் பதிவேட்டில் தரப்படுவதில்லை.

பூச்சிக்கொல்லிச் சிட்டைகள்

1971ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகள் பொதியின் சிட்டையும் உள்ளிருக்கும் துண்டறிக்கையும் இந்தி, ஆங்கிலம் ஆகியவற்றோடு, விற்கப்படும் வட்டாரத்தின் ஓரிரு மொழிகளிலும் அச்சிடப்பட வேண்டும் என்கின்றன. நச்சின் அறிகுறிகள், முதலுதவி, முறிமருந்து ஆகியவை துண்டறிக்கையில் இருக்க வேண்டும். எழுத்தறியாதோருக்காகச் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை ஆகிய நிற அடையாளங்கள் வகுக்கப்பட்டுள்ளன. பல மொழிகளை ஒரே தாளில் அடைப்பதால் எழுத்து மிகச் சிறிதாக இருப்பது உண்மையே. ஆயினும் மருத்துவத் தகவல் தொழிலாளியின் மொழியில் எழுதப்பட வேண்டும் என்று இந்தியச் சட்டம் கட்டாயப்படுத்திய அரிய இடங்களில் இது ஒன்றாகும். தெளித்தவர் மயங்கி விழுந்து மருத்துவமனையை அடைந்தபின், அதே நச்சைப் பற்றி எழுதப்படும் தாளுக்கு இக்கட்டாயம் இல்லை.

காரைக்கால்

படுகையின் நடுவே, தமிழ்நாட்டு மாவட்டங்களால் சூழப்பட்டு, புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த காரைக்கால் அமைந்துள்ளது. 1739 முதல் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த இது 1954 நவம்பர் 1 அன்று நடைமுறையிலும், 1962 ஆகத்து 16 அன்று சட்டப்படியும் இந்தியாவுடன் இணைந்தது. மக்களின் பிரதிநிதிகள் வேறு முடிவு எடுக்கும்வரை பிரெஞ்சு ஆட்சிமொழியாக நீடிக்கும் என 1956ஆம் ஆண்டு உடன்படிக்கையின் 28ஆம் உறுப்பு கூறியது. 1965ஆம் ஆண்டின் புதுச்சேரி ஆட்சிமொழிச் சட்டம் தமிழை ஆட்சிமொழியாக்கி, ஆங்கிலத்துக்கும் இடமளித்தது.

தரங்கம்பாடியிலிருந்தோ பேரளத்திலிருந்தோ சிகிச்சைக்காக இங்கு வருபவர் சில கல் தொலைவில் ஓர் ஆட்சி எல்லையைக் கடக்கிறார். இரு பக்கமும் பேசுவது ஒரே தமிழ்தான். ஆனால் ஒன்றிய ஆட்சிமொழி விதிகளிலிருந்து தமிழ்நாட்டுக்கு உள்ள விலக்கு காரைக்காலுக்குக் கிடையாது. ஒன்றிய அரசின் சிப்மர் நிறுவனம் 2016 முதல் காரைக்காலில் மருத்துவக் கல்லூரி நடத்துகிறது. 2022இல் புதுச்சேரி சிப்மரில் பதிவேடுகள், பணிப் புத்தகங்கள் ஆகியவற்றின் தலைப்புகளில் இந்தியைப் பயன்படுத்துவது குறித்த சுற்றறிக்கை வெளியானபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. அவ்விவாதம் இந்தியா ஆங்கிலமா என்பதைச் சுற்றியே பெரிதும் நடந்தது. நோயாளி எடுத்துச் செல்லும் தாள் எம்மொழியில் இருக்கிறது என்னும் வினா அதில் பின்தங்கிவிட்டது.

வெளிமாநிலத் தொழிலாளர்

அண்மை ஆண்டுகளில் மேற்கு வங்காளத்திலிருந்து வரும் குழுக்கள் படுகையில் நடவு வேலை செய்வது பரவலாகியுள்ளது. அரிசி ஆலைகளிலும் கட்டுமானத்திலும் பிற மாநிலத்தவர் உள்ளனர். தமிழில் எழுதிய தாள் இவர்களுக்கு ஆங்கிலத் தாளைப் போலவே பயனற்றது. ஆகவே தமிழில் எழுதுக என்பதும் தொழிலாளியின் மொழியில் எழுதுக என்பதும் ஒன்றல்ல. 1979ஆம் ஆண்டின் மாநிலங்களுக்கிடையே இடம்பெயரும் தொழிலாளர் சட்டம், ஒப்பந்ததாரர் அளிக்கும் கைப்புத்தகம் இந்தி, ஆங்கிலத்தோடு தொழிலாளியின் சொந்த மொழியிலும் இருக்க வேண்டும் என்று கூறியது. ஒப்பந்ததாரர் இலவச மருத்துவ வசதி தர வேண்டும் என்றும் கூறியது. இரண்டையும் இணைத்து, மருத்துவக் குறிப்பும் அம்மொழியில் இருக்க வேண்டும் என்று கூறவில்லை. இச்சட்டமும் 2025இல் நீக்கப்பட்ட சட்டங்களுள் அடங்கும்.

பிற நாடுகள்

இலங்கை அரசியலமைப்பில், 1988ஆம் ஆண்டின் பதினாறாம் திருத்தத்தின் வழியே அமைந்த 22ஆம் உறுப்பு இப்பொருளில் மிகத் தெளிவானது. சிங்களம் நிருவாக மொழியாக உள்ள பகுதியிலும், பொது அலுவலர் ஒருவர் தமக்கு வழங்குவதற்கென எழுதும் ஆவணத்தையோ அதன் மொழிபெயர்ப்பையோ தமிழில் அல்லது ஆங்கிலத்தில் பெற ஒருவர் உரிமையுடையவர். தாம் பார்வையிட உரிமையுள்ள பதிவேடுகளின் நகலுக்கும் இது பொருந்தும். தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி முதலிய மாவட்டங்களிலிருந்து சென்றோரின் வழித்தோன்றல்களான மலையகத் தோட்டத் தொழிலாளர்களுக்கு அரசு மருத்துவமனைச் சான்றிதழைத் தமிழில் கேட்க இது அடிப்படையாகும். மொழிபெயர்ப்பாளர் பற்றாக்குறையால் உரிமை ஏட்டளவில் நின்றுவிடுவதும் உண்டு. ஆயினும் கேட்பதற்கு ஓர் உறுப்பு எண் இருக்கிறது; தஞ்சாவூரில் உள்ளவருக்கு அதுவும் இல்லை.

கனடாவின் கியூபெக் மாகாணம் வேறு வழியைக் கையாண்டது. 1977ஆம் ஆண்டின் பிரெஞ்சு மொழிச் சாசனத்தின் 27ஆம் பிரிவு, சிகிச்சைப் பதிவுகளை எழுதுபவர் தம் விருப்பப்படி பிரெஞ்சிலோ ஆங்கிலத்திலோ எழுதலாம் என்றது. ஆனால் பெற உரிமையுள்ளவர் கேட்டால் பதிவின் சுருக்கத்தைப் பிரெஞ்சில் அளித்தே ஆக வேண்டும் என்றும் விதித்தது. மருத்துவர் மருத்துவருக்கு எழுதும் தாளையும், மருத்துவர் நோயாளிக்குத் தரும் தாளையும் இவ்விதி வேறுபடுத்துகிறது. மொழி உணர்வு மிகுந்த ஒரு மாகாணமே இவ்விட்டுக்கொடுத்தலைச் செய்தது கவனிக்கத்தக்கது.

மருத்துவர் தரப்பும் நடைமுறைத் தீர்வுகளும்

ஆங்கிலத்தில் எழுதுவதற்கு மருத்துவர்கள் கூறும் காரணங்கள் வலுவற்றவை அல்ல. திருத்துறைப்பூண்டியிலிருந்து தஞ்சாவூருக்கும், அங்கிருந்து சென்னைக்கோ வேலூருக்கோ அனுப்பப்படும் நோயாளியின் குறிப்பு எங்கும் ஒரே பொருளைத் தர வேண்டும். மருந்துப் பெயரை ஒலிபெயர்க்கும்போது ஓரெழுத்து மாறினால் வேறு மருந்தாகிவிடலாம்; தமிழ் எழுத்தில் ககரம் ஒன்றே நான்கு ஒலிகளுக்கு நிற்பதால் இவ்வச்சம் உண்மையானது. நாளொன்றுக்கு நூறு பேரைப் பார்க்கும் மருத்துவரிடம் இரண்டு மொழிகளில் எழுதுமாறு கேட்பதும் நியாயமன்று.

எனினும் மொழியைக் கடந்த வழிகளை இந்திய மருத்துவமே உருவாக்கியுள்ளது. மருந்துச் சீட்டில் எழுதப்படும் 1–0–1 என்னும் குறி காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று என்பதைக் குறிக்கும். இலத்தீன் சுருக்கங்களை அறியாத நோயாளியும் இதனை அறிவார். எவரும் சட்டம் இயற்றாமலேயே இது நாடு முழுவதும் பரவியது.

கணினிப் பதிவுகளில் இது மேலும் எளிதாகக்கூடும். உலக சுகாதார அமைப்பின் பத்தாம் நோய் வகைப்பாட்டில் பாம்பு நச்சுக்கு டி63.0 என்றும், கரிமப் பாசுபரசு, கார்பமேட்டு பூச்சிக்கொல்லி நச்சுக்கு டி60.0 என்றும் குறியீடுகள் உள்ளன. தமிழ்நாட்டில் 2024 நவம்பரில் பாம்புக்கடி அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கப்பட்டதால் அந்நேர்வுகளை மருத்துவமனைகள் எவ்வாறாயினும் முறைப்படி பதிந்து அரசுக்குத் தெரிவிக்க வேண்டியுள்ளது. குறியீடு ஒருமுறை பதியப்பட்டால் அதற்குரிய தமிழ், வங்காள, இந்திப் பெயர்களைத் தாளில் அச்சிடுவது ஓர் அட்டவணையைப் பார்க்கும் வேலையே. மருத்துவரின் நேரம் அதற்குத் தேவையில்லை. காயத்தின் இடம், பக்கம், விரலெலும்புகளின் எண்ணிக்கை, ஓய்வு நாட்கள், மீண்டும் வர வேண்டிய தேதி, காயம் எவ்வாறு நேர்ந்ததெனக் கூறப்பட்டது ஆகிய ஆறும் தொழிலாளியின் மொழியில் ஒரு பக்கத்தில் அமைந்தால் கியூபெக் விதி கேட்கும் சுருக்கத்தின் பெரும்பகுதி கிடைத்துவிடும். இவற்றுள் இறுதியானது மட்டும் குறியீட்டுக்குள் அடங்காதது. அதனைச் சொன்னவரின் சொற்களில், அவருக்குப் படித்துக் காட்டியே எழுத வேண்டியிருக்கும்.